இழுக்காதே தம்பி... இரு!

செமஸ்டர் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியாச்சு. ஒன்றரை மாதமாக ஷெட்டில் கிடந்த பைக் மேல் அரை இஞ்ச் தூசி. துடைக்கிறீர்கள். சாவி போடுகிறீர்கள். உதைக்கிறீர்கள். 'புஸ்ஸ்...' மறுபடி ஒரு உதை. மறுபடி 'புஸ்ஸ்...' இருபதாவது உதையில் சட்டை நனைந்திருக்க, பக்கத்து ரூம் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். "மச்சான், தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?"

இந்த அவஸ்தையை அனுபவிக்காதவர்கள் கை தூக்குங்க பார்க்கலாம்!

பைக்காவது பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகலைன்னா டவுன் பஸ் இருக்கு. அதே வேலையை ஒரு படகு மோட்டார் காட்டினால்? கடலுக்கு நடுவில் தள்ளிவிட ஆள் கிடையாது பாஸ்!

"இரு இரு... நீ மேல்சித்தாமூர்க்காரன். உங்க ஊர்ல ஏதுடா கடல்? படகு மோட்டாருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. ஜின காஞ்சி ஜைன மடமும், பார்சுவநாதர் கோயிலும், தேரும்தான் எங்க ஊர் அடையாளம். பக்கத்தில் இருக்கும் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தது. சுற்றிலும் வயல், ஏரி, பாறை மலை. கடலைப் பார்க்கணும்னா திண்டிவனம் தாண்டி மரக்காணம் வரைக்கும் போகணும்.

ஆனா, கடல் இல்லாத ஊருக்கும் படகு வரும் என்பதை 2024 காட்டியது.

தண்ணீர் வந்த ராத்திரி

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடும் என்று பார்த்தால், நகராமல் அதே இடத்தில் நின்று கொட்டியது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்கே கிருஷ்ணா நகரில் வீடுகளில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க ராணுவமே வந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பொங்கி, விழுப்புரம் மாவட்டத்தில் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன.

அந்த மாதிரி நேரத்தில் தெருவுக்குள் வருகிற ரப்பர் படகின் பின்பக்கம் ஒரு மோட்டார் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் அவுட்போர்டு மோட்டார். படகுக்கு வெளியே மாட்டுகிற இஞ்சின். நாலு திருகைத் திருகினால் மாட்டலாம், கழற்றி வீட்டுக்கும் தூக்கிப் போகலாம்.

2018 ஆகஸ்ட்டில் கேரள வெள்ளம் ஞாபகம் இருக்கா? மீனவர்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். அந்த அரசின் கணக்குப்படி 669 படகுகள், மீட்கப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களிலும் மீனவர்களின் படகுகள் ஓடின.

அந்த இஞ்சின்கள் இழுத்ததும் ஓடின. காரணம் சிம்பிள். முந்தின நாள் வரைக்கும் அவை கடலில் ஓடிக்கொண்டிருந்தவை. ஆனால், வருஷத்தில் பதினோரு மாதம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மோட்டார், வெள்ளம் வந்த அன்றைக்கு மட்டும் எழுந்து ஓடுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு ஒரு சனிக்கிழமை, மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கிடைத்தது.

சித்தப்பாவின் மோட்டார்

பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச்மேட் அந்தக் குப்பத்துப் பையன். அவனுடைய சித்தப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு, அதற்கு ஒரு டூ ஸ்ட்ரோக் மோட்டார். முதுகில் ஆபரேஷன் ஆகி பத்து மாதம் அவர் கடலுக்குப் போகவில்லை. படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. மோட்டார் வீட்டு மூலையில், கோணிப்பைக்குள். சித்தியின் நகை அடகுக் கடையில். "போலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி மோட்டார் சொல்லணும்!

"நாம மெக்கானிக்கல் ஸ்டூடண்ட்ஸ்டா. ஒரு கை பார்த்துடலாம்" என்று கெத்தாகப் போனோம். கோணியை உருவினோம். நண்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்தான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இழுக்காதே தம்பி... இரு!"

சித்தப்பா சொல்லி வந்திருந்த மெக்கானிக் அண்ணன். அந்தக் கரையில் பாதி மோட்டார்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். "பத்து மாசம் படுத்துக் கிடந்த மனுஷன எழுப்பின உடனே நூறு மீட்டர் ஓடச் சொல்வியா? இதுவும் அப்படித்தான்" என்றார்.

எங்கள் ஒரு வருஷ சிலபஸை அன்றைக்கு ஒரே பகலில் நடத்தி முடித்தார்!

முதல் டெஸ்ட்: மூக்கு

டேங்க் மூடியைத் திறந்தார். "மோந்து பாரு." பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளிச்ச நெடி.

பெட்ரோல் சில மாதம் சும்மா இருந்தாலே கெட ஆரம்பிக்கும். லேசாக ஆவியாகிற பகுதி பறந்துவிடும். மிச்சம் பிசினாகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் மயிரிழை மாதிரியான துளைகளை அடைக்கும். இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கு. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்க்கின் குழாய் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான்!

பழையதை மொத்தமாக வடித்து ஒரு கேனில் தனியாக வைத்தார். "இத மணல்ல கொட்டக் கூடாது, அடுப்புப் பக்கமும் கொண்டு போகக் கூடாது." டேங்க்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினார். டூ ஸ்ட்ரோக் இல்லையா, கூடவே ஆயிலும் சேரணும். இந்த மோட்டாருக்கு ஐம்பதுக்கு ஒன்று. லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அண்ணன்மார்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்ப் பாடம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும், கூடினால் பிளக் கரியாகும்.

பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, கிளீனர் அடித்து, காற்று ஊதித் துடைத்தார். நண்பன் உதவி செய்கிறேன் என்று ஒரு கம்பியை எடுக்க, "ஜெட்டுக்குள்ள கம்பி விட்டீனா துளை பெருசாயிடும். அப்புறம் அந்த மோட்டார் ஆயுசுக்கும் சரியா ஓடாது" என்று ஒரு அதட்டல்.

பிளக்கைக் கழற்று, எண்ணெய் ஊற்று

அடுத்தது ஸ்பார்க் பிளக். கழற்றி, அந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கால் மணி நேரம் அப்படியே விட்டார். உள்சுவரில் லேசாகத் துரு இருந்தாலோ, பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தாலோ, எண்ணெய் போய் இளக்க அவகாசம் வேண்டுமாம். பிறகு பிளக் இல்லாமலே கயிற்றை மெல்ல, மிக மெல்ல இழுத்தார். உள்ளே காற்று அழுத்தம் இல்லாததால் லகுவாகச் சுற்றியது. "சுத்துது பாரு. பிழைச்சுக்கும்!"

நாங்கள் முதலில் வேகமாக இழுத்திருந்தால்? எண்ணெய் வற்றிய சுவரில் துரு பிடித்த ரிங் உரசி, சிலிண்டரில் கோடு விழுந்திருக்கும். ஒரே இழுப்பில் சித்தியின் மிச்ச நகையும் காலி!

கியர் ஆயில்: பால் விட்ட டீயா, கடுங்காப்பியா?

மோட்டாரின் அடிப்பகுதியில், புரொப்பல்லருக்கு மேலே, ஒரு கியர் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு திருகு. முதலில் கீழ்த் திருகு, அப்புறம் மேல் திருகு. மேலே திறந்தால்தான் காற்று புகுந்து ஆயில் வடியும். அந்த ஆயில் பால் விட்ட டீ கலரில் வந்தால் சீல் போய் தண்ணீர் புகுந்திருக்கு என்று அர்த்தம். எங்களுக்கு வந்தது கறுப்பாக, கடுங்காப்பி மாதிரி. நிம்மதி. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் ததும்பினதும் மூடினார். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடுமாம்.

எரிபொருள் குழாயை வளைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் வெடிப்பு, மாற்றியாச்சு. புது பிளக் போட்டாச்சு. இனிமேலாவது இழுக்கலாமா அண்ணே?

"தண்ணி எங்கடா?"

டிரம்முக்குள் ஒரு கடல்

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடும்போது கீழிருந்து தண்ணீரை உறிஞ்சித்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், அதை உறிஞ்சும் ரப்பர் சக்கரம் சில விநாடியிலேயே தேய்ந்து கருக ஆரம்பிக்கும். இம்பெல்லர் என்பது அதன் பெயர். அதனால் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் கால் மூழ்கும்படி மரச்சட்டத்தில் மாட்டினோம். வீட்டுக்குள் இல்லை, திறந்த வெளியில். புகை விஷம்.

கியர் நியூட்ரல். நிறுத்தும் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில். (பாதிப் பேர் இந்த கிளிப்பை மாட்டாமல் அரை நாள் இழுப்பார்களாம்!) டேங்க் மூடியில் காற்றுத் திருகு திறந்தாச்சு. குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை, கெட்டியாகும் வரை அமுக்கினோம். சோக்கை இழுத்தோம்.

"இப்ப இழு. மொதல்ல மெதுவா... பிடிக்கிற இடம் வந்ததும் ஒரே வீச்சு!"

ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது இழுப்பில்... 'டுர்ர்ர்ர்!'

வெள்ளைப் புகை. சித்தி வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். நண்பன் விசில் அடித்தான். நான் ஹை-ஃபைவ் கொடுக்கக் கையை நீட்டிய அதே விநாடி, மெக்கானிக் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"ஏண்ணே?!"

"தண்ணி பீச்சல."

ஓடுகிற மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் தாரையாகப் பீச்ச வேண்டும். உள்ளே தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. நாங்கள் எல்லோரும் சத்தத்தைக் கேட்டோம். அவர் மட்டும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

குத்திப் பார்த்தால் உள்ளே மண். குளவி கூடு கட்டியிருக்கிறது! பத்து மாத வாடகை இல்லாத வீடு. நைலான் நரம்பு விட்டுச் சுத்தம் செய்து மறுபடி ஸ்டார்ட். இப்பவும் சொட்டுதான் வந்தது. மறுபடி நிறுத்தம்.

அடிப்பகுதியை இறக்கி பம்ப்பைத் திறந்தார். உள்ளே இம்பெல்லர். ஒரே பக்கமாக வளைந்து, அப்படியே விறைத்துப் போயிருந்தது. இரண்டு இதழ் உடைந்திருந்தது. "நாள் கணக்குல ஒரே பக்கமா அழுந்திக் கிடந்தா ரப்பர் அப்படியே நின்னுடும்." உடைந்த இரண்டு துண்டையும் தேடி எடுக்கும் வரை அவர் விடவில்லை. விட்டால் அவை மேலே போய் தண்ணீர்ப் பாதையை அடைக்குமாம்.

புது இம்பெல்லர் வாங்க நண்பன் புதுச்சேரிக்கு பஸ் ஏறினான். மறுநாள் மாட்டினோம். இந்த முறை இரண்டே இழுப்பு. பின்பக்க ஓட்டையிலிருந்து தண்ணீர் விரல் கனத்துக்கு வளைந்து பாய்ந்தது. சித்தி அதைக் கையில் ஏந்திப் பார்த்து, "வெதுவெதுன்னு வருது" என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ரப்பர் சக்கரத்தின் விலை எங்கே, சீஸ் ஆன இஞ்சினுக்குப் பதில் புது இஞ்சின் வாங்கும் விலை எங்கே? நடுவில் நின்றது, சத்தத்தில் மயங்காத ஒரு ஜோடிக் கண்!

முதல் நாளே தூரமாகப் போகவில்லை. கரை கண்ணில் படும் தூரத்தில், பக்கத்தில் இன்னொரு படகு வர, துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு. அவ்வளவுதான்.

ஐஸ்கிரீம் உருகிய கதை!

அவுட்போர்டு மோட்டாரைப் பிரபலமாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்தக் கடுப்பில்தான் படகு மோட்டார் யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. 1909-ல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது. நூறு வருஷம் தாண்டி ஓடிய எவின்ரூட் பிராண்ட் மோட்டார்களின் தயாரிப்பு 2020-ல் நின்றது. லவ்வுக்காகப் பலரும் பலதும் செய்கிறார்கள். சிலர் உருப்படியாகவும் செய்கிறார்கள்!

வைக்கிற நாள்தான் முக்கியம்

கிளம்பும்போது மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பன்ச். "நீங்க ரெண்டு நாளா செஞ்ச வேலை இன்னிக்கு செய்ய வேண்டியதே இல்ல தம்பி. பத்து மாசத்துக்கு முன்னாடி, உள்ள வெச்ச அன்னிக்கு அரை மணி நேரம் செஞ்சிருந்தா போதும்."

அந்த அரை மணி நேர வேலை என்ன?

* உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரை, நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவணும்.

* கார்புரேட்டர் மோட்டார் என்றால், தண்ணீரில் ஓடும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும் வரை விடணும். உள்ளே பிசின் பிடிக்க ஒன்றும் இருக்காது.

* மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்றால், நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டணும். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் அடுத்த முறை குளிர்ந்த இஞ்சின் எழுந்திருக்காது.

* பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, நாலு சுற்றுச் சுற்றி மூடணும்.

* கியர் ஆயிலை மாற்றிவிட்டு வைக்கணும். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

* படுக்கப் போடக் கூடாது. நிமிர்த்தி வைத்தால்தான் உள்ளே நிற்கும் தண்ணீர் வடியும்.

* டேங்க்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டு வைக்கக் கூடாது.

* மாதம் ஒருமுறை டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டினால், இம்பெல்லரும் விறைக்காது, குளவியும் குடி வராது!

கடைசி விஷயம்தான் எனக்கு உறைத்தது. மீன் பிடிக்கிறவருக்கு மோட்டார் ஓடாவிட்டால் ஒரு நாள் வருமானம் போகும். ஆனால், மழை கொட்டுகிற ராத்திரி மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு நிற்கிற ஒரு அம்மாவுக்கு, நாலு தெரு தள்ளி ஒரு படகு மோட்டார் 'புஸ்ஸ்' என்றால்? அந்தப் பத்து நிமிட ஓட்டத்தை, வெயில் அடிக்கிற ஏதோ ஒரு மே மாதம் யாரோ 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டிருப்பார்கள்.

உங்கள் காலேஜில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. இருக்கிறதா? உங்கள் ஊரிலோ, காலேஜிலோ படகு, ஜெனரேட்டர், பம்ப்செட் எது சும்மா கிடக்கிறது என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மெக்கானிக்கோடு போய் நின்று ஓட்டிப் பாருங்கள். அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாவிட்டால் சந்தோஷப்படுங்கள். சரிசெய்ய இன்னும் நாள் இருக்கு!

ஞாயிறு ராத்திரி மேல்சித்தாமூர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் கரண்ட் இல்லை. கிணற்று மேட்டில், ஓலைக் கொட்டகைக்குள், கரண்ட் மோட்டார் வந்ததிலிருந்து சும்மா கிடக்கும் எங்கள் பழைய டீசல் இஞ்சின். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைக் கையில் எடுத்தார்.

கொல்லையிலிருந்து ஓடினேன்.

"அப்பா... சுத்தாதீங்க, இருங்க!"